சோள ரொட்டியைத் தேடி வெள்ளவத்தையில் ஐந்து இரவுகள்

முதல் நாள், திங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ அலுவலாகக் கொழும்பு வருபவர்களில் பலர் தங்குவது வெள்ளவத்தையில்தான். இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம், தோசை, கொத்து எல்லாம் காலி வீதியில் நாலு எட்டு வைத்தாலே கிடைக்கும். மூன்றாம் நாள் இரவு நாக்கு வேறு ஏதாவது கேட்கும். அந்த இரவுக்குத்தான் இந்தக் குறிப்புகள். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், பத்து மேசையுள்ள ஒரு சிறிய மெக்சிக்கன் கடை. வார நாட்களின் ஐந்து இரவும் இந்தக் கடைச் சாப்பாடுதான்.

கோட்டையிலிருந்து வருவதென்றால் 100 அல்லது 101ஆம் இலக்க பஸ். வேலை விட்ட நேரத்தில் காலி வீதி நகராது. அந்த நேரத்தில் கரையோர ரயிலே மேல். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி தாண்டினால் வெள்ளவத்தை. ஸ்டேஷனில் இறங்கிக் கடற்காற்றோடு நடந்தே போகலாம். கடைக்குள் ஆறே முக்கால், ஏழு மணிக்கு முன் நுழைவது நல்லது. அப்போது கல் நன்றாகச் சூடேறியிருக்கும், சல்சா அரைத்து அதிக நேரம் ஆகியிருக்காது, சமையலறையும் அவசரப்படாது. எட்டு மணிக்குப் பிறகு ஒரே நேரத்தில் ஆறு மேசைக்கு ரொட்டி சுடவேண்டிய நிலை வரும்போது முதலில் கெடுவது ரொட்டிதான்.

மெனுவை வாசிக்கும்போது ஒன்றை மனதில் வைத்திருக்க வேண்டும். மெக்சிக்கன் என்று எழுதியிருப்பதில் பாதி, மெக்சிக்கோவின் எல்லைக்கு வடக்கே, அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கம் உருவானது. ரொட்டிக்குள் இறைச்சி வைத்து மடிக்கும் டாக்கோவில் மொறுமொறுவென்று வளைந்து நிற்கும் கடின ஓட்டு வகை, மஞ்சள் சீஸ், அரைத்த மாட்டிறைச்சியில் சீரகம் தூக்கலாகப் போட்ட கலவை, இரும்புத் தட்டில் புகை பறக்க வரும் ஃபஹீட்டா எல்லாம் அந்த வகை. நாச்சோஸ் எல்லையின் மெக்சிக்கோப் பக்கம், பியெத்ராஸ் நெக்ராஸ் என்ற ஊரில் 1940களில் இக்னாசியோ அனயா என்பவர் செய்தது. இக்னாசியோ என்ற பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டால் நாச்சோ. அவர் செய்தது எளிமையான தட்டு: பொரித்த சோளத் துண்டுகள், மேலே உருகிய சீஸ், ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு ஹலபேன்யோ மிளகாய். டப்பாவில் வரும் திரவ சீஸை மேலே ஊற்றுவது பின்னால் வந்த பழக்கம். அப்படி ஊற்றிய தட்டு ஐந்து நிமிடத்தில் களியாகிவிடும்.

டெக்சாஸ் வகை கூடாது என்பதில்லை. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எதில் எதை எதிர்பார்ப்பது என்பது தெரியும், அவ்வளவுதான். நாற்பது வகை எழுதிய மெனுவைவிடப் பன்னிரண்டு வகை எழுதிய மெனு நம்பிக்கை தரும்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். இருந்தால் சேவைக் கட்டணம் 10 வீதமும் வற் வரி 18 வீதமும் அதன்மேல் ஏறும். 1000 ரூபா என்று எழுதிய தட்டு பில்லில் 1280க்குக் குறையாது. இரண்டு பேர் சாப்பிடும்போது இந்த வித்தியாசமே இன்னொரு தட்டின் விலைக்குக் கிட்ட வந்துவிடும்.

முதல் இரவுக்கு ஒரு சல்சா, பொரித்த சோளத் துண்டுகள், ஆளுக்கு ஒரு சாதா கோழி டாக்கோ போதும். கடையின் கை எப்படி என்று இந்த மூன்றிலேயே தெரிந்துவிடும். இந்தக் கடையில் சோளத் துண்டுகள் பாக்கெட்டில் வந்தவை அல்ல. அளவு ஒன்றுபோல இல்லை, இரண்டொன்று கொப்புளித்திருக்கிறது, உப்பு ஒரு பக்கம் கூட. பழைய சோள ரொட்டியை, அதாவது டோர்ட்டியாவை, நாலாக வெட்டிப் பொரித்தால் இப்படித்தான் வரும். நாளைக்கும் வரலாம்.

இரண்டாம் நாள், செவ்வாய்

இன்று ரொட்டியை மட்டும் பார்ப்போம். ஒரு மெக்சிக்கன் கடை நல்லதா இல்லையா என்பதை இறைச்சியோ சீஸோ சொல்லாது. டோர்ட்டியா சொல்லும்.

சோளத்தை வெறுமனே அரைத்தால் டோர்ட்டியா வராது. மெக்சிக்கோவில் முதலில் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைக்கிறார்கள். நாங்கள் வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றிய சுண்ணாம்புதான், உணவுக்கென்று சுத்தமாகச் செய்தது. ஒரு கிலோ காய்ந்த சோளத்துக்கு ஏறத்தாழ 10 கிராம் சுண்ணாம்பு, 3 லீற்றர் தண்ணீர். தோல் விரலால் உரித்தால் வழுகும்வரை மெல்லிய சூட்டில் வேகவைத்து, அடுப்பை அணைத்து, இரவு முழுக்க அப்படியே விடவேண்டும். காலையில் தோலைத் தேய்த்துக் கழுவி ஈரத்தோடு அரைத்தால் வருவது மாசா என்ற மா. இப்படி வெந்த சோளத்துக்கு நிஷ்தமால் என்று மெக்சிக்கோவின் பழைய நாவாத்தல் மொழியில் பெயர். சுண்ணாம்பு தோலைக் கரைக்கிறது, மாவைப் பிடிபட வைக்கிறது, சோளத்தில் உடலுக்கு எட்டாமல் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தையும் விடுவிக்கிறது. சோளத்தை மட்டும் எடுத்துச் சென்று சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பாவில், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு நியாசின் குறைவால் வரும் பெலக்ரா நோய் வந்தது. சமையலறைப் பழக்கம் ஒன்றை விட்டதற்கு இவ்வளவு பெரிய விலை!

கொழும்பில் ஒரு சிறிய கடை இதைத் தானே செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்த முறையில் பதப்படுத்தி உலர்த்திய மா வெளிநாட்டிலிருந்து பாக்கெட்டில் வரும், மாசா அரினா என்று பெயர். அதில் செய்தாலே போதும். சுப்பர்மார்க்கெட்டில் வாங்கும் கோன்பிளவர் வெறும் மாச்சத்து, சாதாரண சோள மா சுண்ணாம்பு காணாதது. இரண்டிலும் டோர்ட்டியா வராது, உதிரும். வீட்டில் செய்து பார்த்துத் தோற்றவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தோற்றிருப்பார்கள்.

திறந்த சமையலறை என்பதால் முழு வேலையும் கண்முன்னே நடக்கிறது. ஒரு கப் மாவுக்கு முக்கால் கப் வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் உப்பு. பிசைந்து, ஈரத்துணியால் மூடி இருபது நிமிடம் ஊறவைக்கிறார்கள். 30 கிராம் அளவு உருண்டையை, இரண்டு பொலித்தீன் தாளுக்கு நடுவே வைத்து அழுத்துப் பலகையில் ஒரே அமுக்கு. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய வட்டம் வரும். நன்றாகக் காய்ந்த கல்லில், எண்ணெய் தடவாமல், முதல் பக்கம் 20 விநாடி, திருப்பி ஒரு நிமிடம், மறுபடி திருப்ப வேண்டும். கை சரியாக இருந்தால் இந்தக் கடைசித் திருப்பத்தில் ரொட்டி பூரி மாதிரி உப்பும். உடனே துணியில் சுற்றிவிட வேண்டும், அதன் ஆவியிலேயே அது மிருதுவாகும்.

உப்பவில்லையென்றால் கல் சூடு காணாது, அல்லது வட்டம் தடிப்பு. ஓரம் வெடித்தால் மா காய்ந்துவிட்டது, ஒரு கரண்டி தண்ணீர் சேர்க்க வேண்டும். பொலித்தீனில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது. மேசைக்கு வந்த ரொட்டியைச் சோதிக்க ஒரு வழி: நடுவில் மடித்துப் பாருங்கள். முறியாமல் மடிந்து, நனைந்த மண் போன்ற மெல்லிய மணம் எழுந்தால் அது நல்லது. அட்டைபோல நின்றால் காலையில் சுட்டுச் சூடாக்கியது.

கோதுமை டோர்ட்டியா தாழ்ந்தது என்று நினைக்கவேண்டாம். வட மெக்சிக்கோவில் அதுதான் ரொட்டி. சோறும் இறைச்சியும் உள்ளே வைத்துச் சுற்றும் புரிட்டோவுக்கு அதுவே வேண்டும், சோள ரொட்டியில் அவ்வளவு பெரிதாகச் சுற்ற முடியாது. கொழும்பில் பல கடைகள் டாக்கோவுக்கும் கோதுமையையே கொடுக்கின்றன, ஏனென்றால் மா இங்கேயே கிடைக்கும், உடையாது. கேட்டுத் தெரிந்துகொண்டு ஓடர் பண்ணினால் ஏமாற்றம் இல்லை. கோதுமை ரொட்டியைக் கல்லில் வாட்டினார்களா, மைக்ரோவேவில் வைத்தார்களா என்பதுதான் அங்கே கேள்வி. மைக்ரோவேவில் வைத்தது இரண்டு நிமிடத்தில் தோலாகிவிடும்.

கல்லிலிருந்து இறங்கி ஐந்து நிமிடம்தான் டாக்கோவின் உயிர். ஆகவே எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்கக்கூடாது. பரிமாற வருபவரிடம் இப்படிச் சொல்லிவிட்டால் போதும்:

“தம்பி, மூண்டு டாக்கோவும் ஒண்டா வேண்டாம். ரெண்டு இப்ப கொண்டு வாங்கோ, மற்றது பிறகு சொல்லுறம்.”

ஆளுக்கு மூன்று டாக்கோ ஒரு வார நாள் இரவுக்கு அளவு. இரண்டு ரொட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுத்திருந்தால் அது தாராளம் காட்ட அல்ல. சாறு மேல் ரொட்டியை நனைத்துக் கிழித்தால் கீழ் ரொட்டி தாங்கும். கத்தி, முள்ளுக்கரண்டி வேண்டாம். மூன்று விரலால் பிடித்து, டாக்கோவை நேராக வைத்துக்கொண்டு தலையைச் சாய்க்க வேண்டும். டாக்கோவைச் சாய்த்தால் சாறு முழங்கை வரைக்கும் வரும்.

உள்ளே வைப்பதில், கொழும்பில் நம்பிக் கேட்கக்கூடியது டிங்கா: பிய்த்த கோழி, வெங்காயம், தக்காளி, சிப்போத்லே என்ற புகையூட்டிய மிளகாய். தண்ணீர் வற்ற வதக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரொட்டி ஊறிப்போகும். அல் பஸ்தோர் என்பதைப் பார்த்தால் கொழும்பு ஆட்களுக்கு உடனே பிடிபடும், ஷவர்மா மாதிரிச் செங்குத்துக் கம்பியில் சுழலும் இறைச்சி அது. மெக்சிக்கோவில் குடியேறிய லெபனான்காரர்கள் கொண்டுவந்த கம்பிதான். அங்கே அது பன்றி, மேலே அன்னாசி. ஹலால் கடைகளில் கோழியில் செய்வார்கள். கோழியில் கொழுப்பு குறைவு என்பதால் சீக்கிரம் காயும். சீவி எடுத்ததை மறுபடி கல்லில் வாட்டாமல் தரச்சொல்வது நல்லது.

மூன்றாம் நாள், புதன்

சல்சா என்றால் சம்பல். சம்பலில் ருசி கண்ட நாக்குக்கு இதை விளங்கவைக்கத் தேவையில்லை. மிளகாயே மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்ததுதானே. அவர்கள் இலங்கைக் கரையில் இறங்கியது 1505இல். அதற்கு முன் இங்கே காரத்துக்கு மிளகுதான். தக்காளியும் அந்தப் பக்கத்துக் காய். மறுபக்கம், அவர்கள் டாக்கோவில் பிழியும் சின்னப் பச்சைக்காய் எங்கள் தேசிக்காயின் இனமே, ஆசியாவிலிருந்து அங்கே போனது. அதனால் எலுமிச்சைக்கு அலையவேண்டியதில்லை, சந்தைத் தேசிக்காயே சரியான பொருள்.

மேசைக்கு மூன்று கிண்ணம் வந்தது. பச்சையாக நறுக்கியது பிக்கோ தெ காயோ. மூன்று தக்காளி, அரை பம்பாய் வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி கொத்தமல்லி இலை, ஒரு தேசிக்காய், அரைத் தேக்கரண்டி உப்பு. தக்காளியின் விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிண்ணம் குளமாகும். உப்பும் புளியும் கடைசியில். முன்னரே போட்டால் உப்பு தண்ணீரை இழுத்துவிடும். நேற்றைய கிண்ணத்தில் அடியில் ஒரு விரல் தண்ணீர் நின்றது, இன்று இல்லை. செவ்வாய் நாங்கள் போனது எட்டு மணிக்கு, இன்று ஆறே ஐம்பதுக்கு.

இரண்டாவது சுட்ட சிவப்புச் சல்சா. தக்காளி, வெங்காயம், உள்ளி, செத்தல் மிளகாய் எல்லாவற்றையும் எண்ணெய் இல்லாமல் கல்லில் கருக வாட்டி அரைப்பது. தக்காளித் தோல் கறுக்கலாம், கறுக்கவும் வேண்டும். செத்தல் மிளகாய் கறுத்தால் கசக்கும், அதற்குப் பத்து விநாடி போதும். உள்ளியைத் தோலோடு வாட்டினால் இனிப்பு ஏறும். மூன்று கிண்ணத்தில் இதுதான் சிறந்தது.

மூன்றாவது பச்சைச் சல்சா. அதற்கு வேண்டியது தொமத்தியோ என்ற உறைபோர்த்த பச்சைக்காய். அது இங்கே சந்தையில் காணமுடியாத பொருள். பச்சைத் தக்காளியும் தேசிக்காயும் சேர்த்து ஈடுகட்டுகிறார்கள். புளிப்பு வருகிறது, ஆனால் அந்தக் காயின் கொழகொழப்பு வராது. நீர்த்தன்மையாக இருந்தால் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

காரத்தைப் பற்றி ஒரு சொல். காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் ஹலபேன்யோ 2,500 முதல் 8,000க்குள்தான். எங்கள் கொச்சி மிளகாய் அதைவிடப் பல மடங்கு. பெயரைக் கண்டு பயப்படாமல் கேட்கலாம். ஹபனேரோ என்று எழுதியிருந்தால் மட்டும் கவனம், அது ஒரு லட்சத்துக்கு மேல். நாக்கு எரிந்தால் தண்ணீர் உதவாது, காரப் பொருள் தண்ணீரில் கரையாது. சவர் கிரீம், பால், தயிர், இவற்றில் ஒன்று வேண்டும்.

குவாக்கமோலேக்குப் பயன்படும் ஆனைக்கொய்யாவை இங்கே பாலும் சீனியும் போட்டுப் பழகியவர்களுக்கு உப்பும் வெங்காயமும் முதலில் வித்தியாசமாக இருக்கும். உள்ளூர்ப் பழம் பெரிது, ஆனால் ஹாஸ் இனத்தைவிட எண்ணெய் குறைவு, நீர் கூட. அதனால் இங்கே செய்யும் கடை அதைக் கட்டியாகப் பிசையவேண்டும், மிக்சியில் அடிக்கவே கூடாது. அடித்தால் பச்சைக் குழம்பு. இரண்டு நடுத்தரப் பழத்துக்கு ஒரு தேசிக்காயின் பாதி. தேசிக்காய் விட்டால் கறுப்பது தாமதமாகும், நிற்காது. மேற்பரப்பு மட்டும் மண்ணிறமாகி, கிளறினால் உள்ளே பச்சையாக இருந்தால் கெட்டதில்லை, காற்றுப் பட்டது. முழுதும் மண்ணிறம் என்றால் பகல் செய்தது, திருப்பிக் கொடுக்கலாம்.

நான்காம் நாள், வியாழன்

மழை. மரைன் டிரைவ் பக்கம் நடக்க முடியாது. இன்று வீட்டுக்கு வருவித்தது.

டாக்கோவை வருவிக்க வேண்டாம். பெட்டிக்குள் தன் ஆவியிலேயே அவிந்து, வரும்போது ரொட்டி பிய்ந்துபோகும். வேண்டியே தீருமென்றால் ரொட்டி, இறைச்சி, சல்சா மூன்றையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். வந்ததும் தோசைக்கல்லைக் காயவைத்து ஒவ்வொரு ரொட்டியையும் பக்கத்துக்கு 20 விநாடி வாட்டினால் முக்கால்வாசி உயிர் திரும்பும். நாச்சோஸ் எந்த வழியிலும் பயணத்துக்கு ஆகாது. புரிட்டோ ஆகும், அலுமினியத் தாளில் சுற்றியே அது பிறந்தது மாதிரி. தாளோடு கல்லில் வைத்து, மெல்லிய சூட்டில் அடிக்கடி உருட்டினால் பத்து நிமிடத்தில் வெளியே மொறுமொறுப்பாகும். ஒரு புரிட்டோ ஒரு பெரியவருக்குத் தாராளம், அதோடு வேறு எதுவும் கேட்கவேண்டாம். மிச்சத்தை இரவு முழுக்க மேசையில் வைக்கக்கூடாது, உள்ளே சோறு இருக்கிறது, பிரிட்ஜுக்குள் போகட்டும்.

ஐந்தாம் நாள், வெள்ளி

வெள்ளிக்கிழமை மரக்கறி. இங்கேதான் பலர் தெரியாமல் தவறுகிறார்கள், மெனுவில் இலைக் குறி போட்டிருந்தாலும் கேட்கவேண்டிய கேள்விகள் நாலு இருக்கின்றன.

சிவப்பு மெக்சிக்கன் சோறு தக்காளியில் செய்வது, ஆனால் பல இடங்களில் தண்ணீருக்குப் பதிலாகக் கோழிச் சாறு ஊற்றுவார்கள். கட்டியாக வரும் கோழி ஸ்டொக் கியூப் போட்டாலும் அதே. மசித்துத் தாளித்த பீன்ஸுக்குப் பழைய முறையில் பன்றிக் கொழுப்பு. ஹலால் கடையில் அது இராது, மாட்டுக் கொழுப்போ கோழிக் கொழுப்போ போட்டிருக்கிறார்களா என்று கேட்கவேண்டும். கோதுமை டோர்ட்டியாவிலும் கொழுப்பு உண்டு, பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் தாவரக் கொழுப்பு. கடைசியாக, இறைச்சி வாட்டிய கல்லிலேயே மரக்கறியும் வாட்டுகிறார்களா என்பது. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

“தம்பி, இந்தச் சோத்துக்கு விடுறது கோழிச் சாறோ, வெறும் தண்ணியோ?”

இந்தக் கடையில் தண்ணீர்தான், பீன்ஸுக்கு மரக்கறி எண்ணெய், ஆனால் கல் ஒன்றுதான். சொன்னால் துடைத்துவிட்டுத் தனியாக வாட்டித் தருகிறார்கள். அமைதியான நேரத்தில் போனவருக்குத்தான் இது கிடைக்கும்.

மரக்கறியில் எது நல்லது? காளான் கேசடியா, ரொட்டிக்குள் சீஸோடு காளான் வைத்து வாட்டியது. மெக்சிக்கோவின் வஹாக்கா சீஸ் இழுபடும் வகை, மொசரெல்லாவும் அதே முறையில் இழுத்துச் செய்வது. எனவே இங்கே மொசரெல்லா போடுவது ஏமாற்று வேலை இல்லை. காளானைத் தனியாக, நீர் முழுதும் வற்றி ஓரம் சிவக்க வதக்கிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். பச்சையாக வைத்தால் சீஸோடு சேர்ந்து தண்ணீர் விட்டு ரொட்டியை ஊறவைக்கும். இன்று வந்தது சரியாக இருந்தது. கறுப்பு பீன்ஸ் டாக்கோவும் நல்லது. கறுப்பு பீன்ஸ் முடிந்த நாட்களில் கௌப்பி போடுகிறார்களாம், அதை ஒளிக்காமல் சொல்கிறார்கள். கௌப்பி மணலாகப் பிரியும், மசியாது. ஆனால் உள்ளியும் செத்தலும் சேர்ந்தால் வார நாள் இரவுக்குப் போதும்.

மீன் சாப்பிடுபவர்கள் வேறொரு நாள் வந்தால் பாஹா மீன் டாக்கோவைக் கேட்கலாம். மாவில் தோய்த்துப் பொரித்த மீன், மெல்லியதாகச் சீவிய கோவா, மேலே கிரீம். வெள்ளைச் சதை இறுக்கமான மீனாக இருக்க வேண்டும், பாரை நன்றாக இருக்கும். பொரித்த மீனின் மேல் சல்சா முதலே ஊற்றியிருந்தால் மொறுமொறுப்பு போய்விடும். தனியாகத் தரச் சொல்லுங்கள்.

குடிக்க, மதுவை விட்டு வேறு இரண்டு பாருங்கள். ஒன்று புளிக்கரைசல், மெக்சிக்கோவில் தமரிந்தோ என்ற பெயரில் தெருவெல்லாம் விற்பார்கள். எங்கள் புளிதான், சீனியோடு. மற்றது ஓர்ச்சாட்டா. ஒரு கப் பச்சரிசி, ஒரு கறுவாப்பட்டை, நாலு கப் தண்ணீர். இரவு முழுக்க ஊறவைத்து, பட்டையோடு அரைத்து, துணியில் வடித்து, அரைக் கப் சீனி, நிறைய ஐஸ். மெக்சிக்கோக்காரர்கள் கனேலா என்று தேடி வாங்குவது சீனத்துத் தடித்த பட்டையை அல்ல, விரலால் நொறுக்கக்கூடிய மெல்லிய சுருள் இலங்கைக் கறுவாவை. இலங்கைக் கறுவாவை அதிகம் வாங்கும் நாடு மெக்சிக்கோ. கறுவாத் தோட்டம் என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் கொழும்பு 7, இந்த மேசையிலிருந்து ஓட்டோவில் சிறு தூரம்தான்.

கிளாஸ் வந்தவுடன் கரண்டியால் அடிவரை கலக்கிவிட்டுக் குடியுங்கள். அரிசி மாவும் கறுவாத் தூளும் சீக்கிரம் அடியில் படிந்துவிடும், மேலே உள்ளது வெறும் சீனித் தண்ணீராக இருக்கும்.